கிளென்மோராவின் திருட்டு வெளிச்சம்

கேப்டன் ஸ்ட்ரிக்லண்ட் முட்டையின் தலையைத் தட்டி உடைத்ததுமே அறையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மூக்கு உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது, பிறகு ஊதா ஆனது.

"டாப்லி! இதை எடுத்துட்டுப் போய்க் கடல்ல போடு! வேணாம், மீன் செத்துடும். எங்கயாவது போடு!"

வெள்ளைக் கையுறை போட்ட கிழவர் டாப்லி முட்டையைக் கிண்ணத்தோடு ஏந்திக்கொண்டு, ஒரு ராஜகுமாரனை வெளியே அழைத்துப் போகிற பணிவோடு நடந்து போனார். வாசலருகே விறைப்பாக நின்றிருந்த சப் லெப்டினன்ட் பின்னக் மூச்சை அடக்கிக்கொண்டு, இப்போது சிரித்தால் தன் கதி என்ன என்று யோசித்தான். கேப்டனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த கப்பலின் கணக்குவழக்கைப் பார்க்கும் பர்சர் கிரிம்ஷா மட்டும் எதுவும் நடக்காதது போல மடியில் இருந்த கம்பளிக் கழுத்துத் துணியைப் பின்னிக்கொண்டிருந்தார். போர் தொடங்கிய நாளிலிருந்து அவர் பின்னும் துணி அது. இப்போது அதை இரண்டு பேர் சேர்ந்து சுற்றிக்கொள்ளலாம்.

கிளென்மோரா சண்டைக்குப் பிறந்த கப்பல் அல்ல. கிளாஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குப் பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு, அவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு, ராத்திரியில் ஆடவிட்டுக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவள் தொழில். போர் வந்ததும் கடற்படை அவளைப் பிடித்து, சாம்பல் நிறத்தைப் பூசி, போன யுத்தத்துப் பீரங்கிகளை மேல்தளத்தில் நட்டு, "போ, அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் இரு" என்றது. நடன மண்டபத்தில் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே குண்டுகளை அடுக்கினார்கள். நீச்சல் குளத்தில் உருளைக்கிழங்கைக் கொட்டினார்கள். அடித்தளம் முழுக்கக் காலிப் பீப்பாய்களை நிரப்பினார்கள்; நீர்மூழ்கி துளை போட்டாலும் கொஞ்ச நேரம் மிதக்கட்டும் என்று ஒரு நல்ல எண்ணம்.

எல்லாவற்றையும் மாற்றிய கடற்படையால் பணியாளர்களை மாற்ற முடியவில்லை. கப்பலோடு வந்தவர்கள் அவர்கள். டின் மாட்டிறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்துத்தான் பரிமாறுவார்கள். பீரங்கிக்கு ஓடுகிற மாலுமிக்கு வழிவிட்டு "காலை வணக்கம், ஐயா" என்பார்கள். மாலையானால் படுக்கையை மடித்துவிடுவார்கள். ஓர் அறையின் கைப்பிடியில் தொந்தரவு வேண்டாம் என்ற அட்டை தொங்கினால் அந்த வழியில் குதிகால் படாமல் நடப்பார்கள். இது அவர்களுக்குப் பழக்கம் அல்ல, மதம்.

முட்டை போன வழியையே முறைத்துக்கொண்டிருந்த கேப்டன் பர்சரிடம் திரும்பினார்.

"கிரிம்ஷா, அந்த ஜினோ பெல்லாண்டியை வேலைக்கு வச்சது நீங்கதானே?"

"ஆமா சார். தலைமை வெயிட்டரா. யுத்தத்துக்கு முன்னாடியே."

"இத்தாலிக்காரன்!"

"மூணு வயசுல கிளாஸ்கோ வந்துட்டான் சார். அப்பா ஐஸ்கிரீம் கடை. அவன் பேசுற ஸ்காட்லாந்துப் பேச்சுல எனக்கே பாதி புரியாது."

"உளவாளிக்கு இதைவிட நல்ல வேஷம் வேணுமா?" கேப்டன் மேஜையில் குத்தினார். "போகும்போதும் சரி, வரும்போதும் சரி, பொழுது சாஞ்சா நம்ம கப்பல்லேர்ந்து ஒரு வெளிச்சம். மினுக் மினுக்னு! பக்கத்து வரிசைலேர்ந்து கப்பல் கூட்டத்துத் தலைவர் கமடோர் தினம் என்னைத் திட்டி சிக்னல் அனுப்புறார். முப்பது கப்பலைக் காபந்து பண்ண வந்தவன், நானே விளக்குப் பிடிச்சு நீர்மூழ்கியைக் கூப்பிடுறேனாம்! முந்தாநாள் சாயங்காலம் கீழ்த்தள நடையில பின்னக் அவனைப் பிடிச்சான். அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து வெளிச்சம் இல்லை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பின்னக் இன்னும் நிமிர்ந்து நின்றான். போருக்கு முன் லீட்ஸ் நகரில் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, தீப்பிடித்த கிடங்குகள் நிஜமாகவே தானாகப் பிடித்தனவா என்று விசாரித்தவன் அவன். கடலுக்கு வந்து அவன் பிடித்த முதல் ஆள் ஜினோ.

"அவன் வாயைத் திறக்க மாட்டேங்குறான். கையில மூடி போட்ட தட்டோட எங்க போனேன்னு கேட்டா பதில் இல்லை. நாளன்னைக்குக் கிரீனாக் துறைமுகம். போலீஸ் கரையில காத்திருக்கும். உளவுன்னு முடிவானா தூக்குதான். உங்க ஆளு, அதனால உங்களுக்கு ஒரு நாள் தர்றேன். அவனைப் பேச வையுங்க."

கிரிம்ஷா ஊசியை நிறுத்தினார். "ஒரே ஒரு கேள்வி சார். நேத்து முட்டை எப்படி இருந்தது?"

பின்னக்குக்கு உடம்பு கூசியது. ஒருவன் கழுத்துக்குக் கயிறு தயாராகிறது, இந்த மனிதர் முட்டையை விசாரிக்கிறார்!

"நேத்தும் சுமார்தான். அதுக்கு முன்னாடி தங்கமா இருந்துச்சு. ஏன்?"

"சும்மா கேட்டேன் சார்" என்று கிரிம்ஷா எழுந்தார். கம்பளித் துணி அவர் பின்னாலேயே தரையில் இழுபட்டு வந்தது.

வெளியே வந்ததும் பின்னக் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவினான். கமடோரின் கப்பலில் இருந்த சிக்னல்காரர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து எழுதி அனுப்பிய புள்ளியும் கோடும் அதில் இருந்தன.

"சார், இது சாதாரண சங்கேதம் இல்லை. புள்ளி, புள்ளி, கோடு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரே சமயத்துல ரெண்டு புள்ளி. ராத்திரி பூரா உக்காந்து பாத்தேன். நேரா படிச்சா அர்த்தம் இல்லை, தலைகீழா படிச்சாலும் இல்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமான சங்கேதம்!"

"அர்த்தமே இல்லாததாலயும் இருக்கலாமே, தம்பி?"

"அதெப்படி சார்? இன்னொண்ணு பாருங்க. மேற்கே போகும்போது வெளிச்சம் கப்பலோட இடது பக்கம். கிழக்கே திரும்பி வரும்போது வலது பக்கம். அதாவது ரெண்டு தடவையும் தெற்குப் பக்கம்! ஜெர்மன்காரன் பிடிச்ச பிரான்ஸ் துறைமுகத்துலேர்ந்து வர்ற நீர்மூழ்கியெல்லாம் தெற்கேதான் இருக்கும். கண்டுபிடிச்சிட்டேன் பாருங்க."

"அபாரம்" என்றார் கிரிம்ஷா. நிஜமாகவே பாராட்டினார். "தெற்குங்கிறதைக் கண்டுபிடிச்சது நீங்கதான். நான் கவனிக்கலை. தெற்கே நீர்மூழ்கி இருக்கு, சரி. வேற என்ன இருக்கு?"

"வேறயா? வேற ஒண்ணும் இல்லை சார். கடல்தான்."

கிரிம்ஷா நடுக்கும் நவம்பர் காற்றில் முகத்தைத் திருப்பி, மேகத்தில் ஒரு பொத்தல் வழியாக எட்டிப்பார்த்த மங்கிய சூரியனை ரசித்துவிட்டு, படியில் இறங்கினார்.

ஜினோவை அடைத்து வைத்திருந்த இடம் கப்பலின் குழந்தைகள் அறை. சிறைக்கு ஒதுக்கிய இடத்தில் பன்றி இறைச்சியை அடுக்கிவிட்டதால் வேறு வழியில்லை. சுவர் முழுக்க முயல்களும் வாத்துகளும் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தன. நடுவில் மரக்குதிரை மேல், முழங்கால் இரண்டும் காதைத் தொட, நாற்பது வயது ஜினோ பெல்லாண்டி உட்கார்ந்திருந்தான். பர்சரைப் பார்த்ததும் எழப்போய், குதிரை முன்னால் சாய்ந்து, மறுபடி உட்கார்ந்தான்.

"சார், நான் உளவாளி இல்லை."

"தெரியும்டா. அந்தத் தட்டுல என்ன இருந்துச்சு?"

"எனக்குப் பசிச்சுது சார். அதான் எடுத்துட்டுப் போனேன்."

பின்னக் குறுக்கே விழுந்தான். "முட்டைக்கோஸ் மேல் இலை, காய்ஞ்ச ரொட்டி ஓரம், உருளைக்கிழங்குத் தோல்! நான் மூடியைத் திறந்து பாத்தேன். தலைமை வெயிட்டர் திங்குற சாப்பாடாய்யா அது?"

"கேப்டன் டேபிள்ல ஒருத்தர் சாப்பிடுறதைத் தினம் பாக்குறவனுக்கு அப்புறம் எதுவும் இறங்காது சார்" என்றான் ஜினோ. அந்த நிலைமையிலும் அவனுக்கு வாய்த்துடுக்கு போகவில்லை. பிறகு முகம் வாடியது. "சார், ஆஸ்பத்திரி ரூம்ல, மூழ்குன கப்பல்லேர்ந்து நாம தூக்குன அந்த வெல்ஷ்காரன், வாய் வெந்துபோனவன், நேத்து ஏதாவது குடிச்சானா?"

"கஞ்சியைத் துப்பிட்டானாம்."

ஜினோ தலையைத் தொங்கப் போட்டான். "இங்க என்னை இன்னும் எத்தனை நாள் வைப்பாங்க? ஒரே ஒரு மணி நேரம் விட்டா போதும் சார். நானே திரும்பி வந்து பூட்டிக்கிறேன்."

"எதுக்கு?"

ஜினோ சுவரில் இருந்த வாத்தைப் பார்த்தான். கண் கலங்கியது.

"சொன்னா என்னடா ஆகும்?"

"கரையில இறக்கிடுவாங்க சார். இத்தாலி யுத்தத்துல குதிச்ச அன்னிக்கு எங்க கடைக் கண்ணாடியை உடைச்சாங்க. எங்கப்பாவை எங்கயோ ஒரு தீவுல கொண்டுபோய் வச்சிருக்காங்க. கரையில கால் வச்சா எனக்கும் அதான். கப்பல்ல இருந்தா நான் வெயிட்டர். கரையில நான் எதிரி."

"சொல்லலைன்னா தூக்குடா."

"அதுவும் தெரியுது சார்" என்றான் ஜினோ. மரக்குதிரை மெல்ல ஆடியது.

வெளியே வந்தபோது பின்னக்குக்கு முதல்முறையாக நெஞ்சில் ஏதோ உறுத்தியது. தான் பிடித்தவன் இப்படி அழுவான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் அவன் விசாரித்த தீவைப்பாளர்கள் யாரும் நோயாளி குடித்தானா என்று கேட்டதில்லை. ஆனாலும் சாட்சி சாட்சிதானே என்று மனதைக் கெட்டியாக்கிக்கொண்டான்.

"இன்னொரு சதி வேலையும் நடந்திருக்கு சார்" என்று கீழ்த்தள நடையில் நின்று காட்டினான். தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளிகளில் இரண்டில் மணல் பாதிகூட இல்லை. "தீப்பிடிச்சா அணைக்கக் கூடாதுன்னு மணலைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளியிருக்கான்!"

கிரிம்ஷா வாளியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. "வாளியை மொத்தமா கவுக்காம, கைப்பிடி கைப்பிடியா எடுத்துட்டுப் போன சதிகாரன்" என்றார்.

எதிரே டாப்லி துண்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தார்.

"டாப்லி, வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு இந்தத் தளத்து அறைகளையெல்லாம் தேடினது நீங்கதானா?"

"என் ஆளுங்களோட நானேதான் ஐயா. சாவி எங்ககிட்டத்தானே இருக்கு? மாலுமிகளை விட்டா கதவை உதைப்பாங்க."

"எல்லாத்தையும் பாத்தீங்களா?"

டாப்லி சற்றுப் புண்பட்டார். "முப்பது வருஷ சர்வீஸ் ஐயா எனக்கு. எப்படித் தேடணுமோ அப்படித் தேடினோம். ஒருத்தரையும் தொந்தரவு பண்ணலை."

"சந்தோஷம்" என்றார் கிரிம்ஷா. "பின்னக், கேப்டன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. நண்பகலுக்கு எல்லாரும் இங்க வரணும். நம்ம சிக்னல்காரரும் வரட்டும். ஜினோவையும் கூட்டிட்டு வாங்க. ஒரு கிண்ணம் தண்ணியும் வேணும்."

"தண்ணி யாருக்கு சார்? மயக்கம் போடுறவங்களுக்கா?"

"தாகமா இருக்கிறவங்களுக்கு."

நண்பகலில் அந்தக் குறுகிய நடையில் ஒரு சபை கூடியது. கேப்டன் நடுவில். அவருக்குப் பின்னால் சிக்னல்காரர் பாக்கர். ஒரு பக்கம் டாப்லி, மறுபக்கம் இரண்டு மாலுமிகளுக்கு நடுவில் ஜினோ. பின்னக் தண்ணீர்க் கிண்ணத்தோடு, கோயில் வாசலில் நிற்பவன் போல நின்றான்.

"கிரிம்ஷா, எனக்கு இன்னும் காலைச் சாப்பாடே ஆகலை" என்றார் கேப்டன். "சுருக்கமா முடிங்க."

"உங்க காலைச் சாப்பாட்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கிறேன் சார்." கிரிம்ஷா பின்னலைத் தோளில் போட்டுக்கொண்டார். "துறைமுகம் விட்டு ரெண்டாவது வாரம் ஓடுது. எங்க மேஜைக்கு வர்ற முட்டையைச் சமையல்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டு உடைக்கிறார். உங்களுக்கு மட்டும் தினம் தங்கமா ஒண்ணு. ஜினோவைப் பூட்டுனதும் ரெண்டு விஷயம் நின்னுது. ஒண்ணு வெளிச்சம், அதை எல்லாரும் கவனிச்சோம். இன்னொண்ணு நல்ல முட்டை. அதை நீங்க மட்டும்தான் கவனிச்சீங்க சார், மூக்கால."

கேப்டன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"பின்னக் தம்பி ஒரு பெரிய காரியம் பண்ணினார். வெளிச்சம் எப்பவும் தெற்குப் பக்கம்னு கண்டுபிடிச்சார். இந்தக் குளிர்காலத்துல தெற்கே நீர்மூழ்கி மட்டும் இல்லை, சூரியனும் இருக்கு. பகல்ல வெயில் வேணும்னு யாரோ போகும்போது இடது பக்க அறையிலயும் வரும்போது வலது பக்க அறையிலயும் குடியிருந்திருக்காங்க. அவங்களுக்கு முட்டைக்கோஸ் இலை பிடிக்கும். குளிக்க மணல் வேணும். பொழுது சீக்கிரம் சாயுற மாசத்துல விளக்கு வச்சுப் பகலை நீட்டினாத்தான் அவங்க வேலை செய்வாங்க. இல்லைன்னா வசந்தம் வரைக்கும் விடுமுறை எடுத்துக்குவாங்க. எங்க ஊர்ப் பக்கம் பண்ணை வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"யாரைப் பத்திச் சொல்றீங்க?" என்று கேப்டன் கத்தினார். "கப்பல் பூரா தேடியாச்சே! டாப்லி, தேடினியா இல்லையா?"

"தேடினோம் ஐயா. அட்டை தொங்குன அறையைத் தவிர."

எல்லோர் கண்களும் நடையின் கோடியில் இருந்த கதவுக்குப் போயின. பித்தளைக் கைப்பிடியில், தங்க எழுத்தில், "தொந்தரவு செய்யாதீர்கள்" என்ற அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னக் அந்தக் கதவை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறான்.

"டாப்லி" என்று கேப்டன் பயங்கரமான மெல்லிய குரலில் சொன்னார், "இது போர்க்கப்பல். இதுல பயணிகள் கிடையாது. அந்த அறையில யாரு தூங்குறான்னு நெனச்ச?"

"நாங்க அப்படியெல்லாம் நெனைக்கிறது இல்லை ஐயா" என்றார் டாப்லி. "அட்டை தொங்குனா மரியாதைப்பட்டவங்க உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். காலையில வாசல்ல டீ வச்சேன். அவங்க எடுத்துக்கலை. அது அவங்க இஷ்டம்."

கிரிம்ஷா கதவைத் திறந்தார்.

முதல் வகுப்புப் பயணிகளுக்காக ரோஜா நிறச் சுவரும் பித்தளைக் கட்டிலும் போட்ட அறை அது. கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் வரிசையாக ஆறு பழுப்பு நிறக் கோழிகள் உட்கார்ந்திருந்தன. தரையில் மணல். மெத்தைக் குழியில் ஏழெட்டு முட்டைகள். ஜன்னல் கண்ணாடிக்கு அடித்த கறுப்புப் பெயின்ட், கீழ் ஓரத்தில் மட்டும், கோழியின் கழுத்து எட்டுகிற உயரத்துக்குக் கொத்துக் கொத்தாக உரிந்திருந்தது. அந்தப் பொத்தல்கள் வழியே நண்பகல் வெயில் இருட்டான நடைச் சுவரில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. தண்ணீரைப் பார்த்த கோழிகள் கீழே குதித்து ஜன்னலோரமாக ஓடிவந்தன. சுவரில் இருந்த வெளிச்சப் பொட்டுகள் அணைந்து அணைந்து எரிந்தன.

சிக்னல்காரர் பாக்கர் தன்னை மறந்து சொல்ல ஆரம்பித்தார். "புள்ளி... புள்ளி... கோடு... நீண்ட இடைவெளி... ரெண்டு புள்ளி..." பிறகு தான் என்ன படிக்கிறோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னக்கின் சட்டைப் பையில் அந்தக் காகிதம் கனத்தது. ராத்திரி பூரா விழித்து அவன் தலைகீழாகப் படித்தது ஆறு கோழிகளின் நடமாட்டம். ஒரு கோழி அவன் கையில் இருந்த கிண்ணத்தில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அவன் பூட்ஸில் அலகைத் துடைத்துக்கொண்டது.

"கிரிம்ஷா" என்றார் கேப்டன், "அப்போ இத்தனை நாளா நான் தின்னது அரசாங்கக் கறுப்புப் பெயின்ட்டா?"

"கொஞ்சம் இருக்கும் சார்."

கேப்டன் ஜினோவிடம் போனார். "கப்பல்ல மனுஷனைத் தவிர உயிருள்ள எதுவும் கூடாதுன்னு உத்தரவு போட்டேனா இல்லையா? மாலுமிங்க வளத்த அந்த ஆடு என் தொப்பியைத் தின்ன அன்னிக்கு?"

"போட்டீங்க சார்" என்றான் ஜினோ. "அதுக்கு முன்னாடி, நீங்க கப்பலுக்கு வந்த முதல் நாளே இன்னொரு உத்தரவும் போட்டீங்க. 'கெட்ட முட்டை ஒண்ணு என் மேஜைக்கு வந்தா, தலைமை வெயிட்டர் அடுத்த துறைமுகத்துல இறங்கணும்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை சார். எனக்கு இறங்க இடம் இல்லை. அதான் கிளாஸ்கோ சந்தைக்கு ஆள் அனுப்பி ஆறு வாங்கி, மேசைத் துணி மூட்டையில வச்சுக் கொண்டாந்தேன். பெயின்ட்டைக் கொத்துதுங்கன்னு சத்தியமா தெரியாது சார். உள்ளேர்ந்து பாத்தா ராத்திரியில கறுப்பாத்தான் தெரிஞ்சுது."

"தினம் நாலஞ்சு போடுமே. மிச்சம் எங்க போச்சு? வித்தியா?"

ஜினோ இல்லை என்று தலையை ஆட்டினான். பதில் சொன்னது கிரிம்ஷா. "ஆஸ்பத்திரி அறைக்குப் போச்சு சார். வாய் வெந்தவங்களுக்குப் பால்ல அடிச்சு. டாக்டர் கேக்கலை, இவனும் சொல்லலை. ரெண்டு நாளா அந்த வெல்ஷ்காரன் எதையும் முழுங்கலை."

கேப்டன் ஸ்ட்ரிக்லண்ட் கோபக்காரர், ஆனால் கெட்டவர் அல்ல. அவர் கட்டிலருகே குனிந்து, மெத்தையிலிருந்து முட்டைகளைத் தன் தொப்பியில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்து, தொப்பியை டாப்லியிடம் நீட்டினார்.

"எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இனிமே தினம் அங்கதான். எனக்குக் கஞ்சி. இந்த ஜன்னலுக்கு இரும்புத் தகடு போடுங்க. பாக்கர், கமடோருக்கு சிக்னல் அனுப்பு. வெளிச்சத்துக்குக் காரணம் கேப்டனோட காலைச் சாப்பாடு. குற்றவாளிக்குக் கஞ்சித் தண்டனை கொடுத்தாச்சு."

மாலுமிகள் சிரித்தார்கள். பின்னக்கும் சிரித்தான். ஜினோ மட்டும் சிரிக்கவில்லை.

"சார்" என்றான் மெதுவாக, "முந்தாநாள் என்னைப் பிடிச்சதைச் சொன்ன சிக்னல்ல என் பேரையும் அனுப்பிட்டீங்களா?"

கேப்டனின் முகத்தில் இருந்த வெற்றி வடிந்தது. அனுப்பியிருந்தார். பெயரும், பிறந்த ஊரும், எழுத்துக்கூட்டி.

கிரீனாக்கில் மழை பெய்துகொண்டிருந்தது. கரையில் கயிறு கட்டியதும் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி வந்தார்கள். மூத்தவர் சார்ஜென்ட் மெக்ஆஸ்லன், நனைந்த மீசைக்காரர், மிக மரியாதையானவர்.

"வெளிச்ச விவகாரம் முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க சார், கடற்படை ஆபீஸ்ல சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ஆனா இத்தாலியில பிறந்தவர்னு பேரு எங்களுக்கு வந்துருச்சு. வந்ததுக்கப்புறம் கூட்டிட்டுப் போகாம இருக்க முடியாது. பெல்லாண்டின்னு ஒருத்தர். எங்க இருக்கார்?"

கேப்டன் அவர்களைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். பின்னால் போன பின்னக், கேப்டன் ஜினோவை ஒப்படைத்துவிடப் போகிறார் என்றே நினைத்தான். பிடித்தவன் தானல்லவா? நடையின் கோடியில், அந்தக் கதவுக்கு முன்னால், கேப்டன் நின்றார்.

"அவர் அறை இதுதான்."

சார்ஜென்ட் தட்டக் கையைத் தூக்கினார்.

"என்ன பண்றீங்க?" என்றார் கேப்டன், நிஜமான அதிர்ச்சியோடு. "அட்டை தொங்குறது கண்ணுக்குத் தெரியலையா?"

சார்ஜென்ட் அட்டையைப் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார். "சார், இது போர்க்கப்பல்..."

"கிளென்மோரா, சார்ஜென்ட். இங்க அட்டை தொங்குனா நாங்க கதவைத் தட்டுறது இல்லை. டாப்லி, எப்பவாவது தட்டியிருக்கோமா?"

"முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட இல்லை ஐயா" என்றார் டாப்லி. அவர் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

"சரி, எப்போ எழுந்திரிப்பார்?"

"சொல்ல முடியாது. நாங்க நாளைக் காலையில மறுபடி கடலுக்குப் போறோம். திரும்பி வரும்போது வந்து பாருங்க. அப்பவும் அட்டை தொங்குனா, அதுக்கு அடுத்த தடவை."

அந்த நேரம் பார்த்து அறைக்குள்ளே ஒரு ஜீவன் முட்டையிட்டுவிட்டு, உலகத்துக்கு அதை அறிவிக்கத் தீர்மானித்தது. கொக்கரிப்பு கதவைத் தாண்டி நடை முழுக்க எதிரொலித்தது.

சார்ஜென்ட் மெக்ஆஸ்லனின் புருவம் தொப்பிக்குள் ஏறியது. கிரிம்ஷா பின்னலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்போது, காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பொய்யையும் பொறுத்துக்கொள்ளாத சப் லெப்டினன்ட் பின்னக் விறைப்பாக ஓரடி முன்னால் வந்தான்.

"பக்கத்து அறையில எங்க பாதிரியார், சார்ஜென்ட். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை ஒத்திகை பாக்குறார்."

சார்ஜென்ட் மீசையைத் துடைத்துக்கொண்டு, "பெல்லாண்டி அப்பா கடையில சின்ன வயசுல நானும் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கேன்" என்றார். தன்னோடு வந்தவரைத் திருப்பிக்கொண்டு, அந்த நடையைக் கடக்கும் வரை, குதிகால் தரையில் படாமல் நடந்து போனார்.